ஐந்து வயதில் பேசியவன்

அத்தியாயம் 14

போன வாரம் விட்ட இடம் உங்களுக்கு மறந்திருக்காது. மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல் செட் செய்யும் லேப்பில் வேலை செய்கிற நம் பல்லுக்காரியின் மகள் பட்டாணிக்கு நாலு வயது எட்டு மாதம். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. நர்சரியில் பதினோரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, 'எங்களால் முடியாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பல்லுக்காரி தன்னந்தனியாக அலைந்து ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தைப் பிடித்தாள்.

அங்கே இருப்பது பத்தே பத்து இடம். அதில் ஒன்று காலியானது. புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குள் அப்பா, அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் இடம் பட்டாணிக்கு, இல்லையென்றால் வரிசையில் அடுத்த குழந்தைக்கு என்று போன் வந்தது. அம்மா போட்டுவிட்டாள். அப்பா, படிவத்தின் முதல் வரியைப் படித்ததுமே எழுந்து போய்விட்டான். 'வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தையின் பெற்றோராகிய நாங்கள்' என்று தொடங்குகிறது அது.

இன்று அந்தப் புதன்கிழமை.

காலை ஏழரை மணிக்குச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பட்டாணி ஒரு எவர்சில்வர் மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். மூடி சுற்றிச் சுற்றி, தளர்ந்து, தரையில் படபடவென்று அடித்து அடங்கும்போது, காதைத் தரையோடு வைத்துக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மறுபடியும் சுழற்றினாள்.

"பன்னிரண்டு மணிக்கு வந்துடுங்க," என்றாள் பல்லுக்காரி.

"எங்க?"

"எங்கன்னு உங்களுக்குத் தெரியாது?"

அவள் கணவன் பூட்ஸ் லேஸ் கட்டுவதிலேயே கண்ணாக இருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எந்தக் கட்டிடத்தில் எது பாதியில் நின்றாலும் இவனுக்குத்தான் போன் வரும், இவனும் சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவான். சொந்த வீட்டில் ஒன்று நாலரை வருஷமாக நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு மட்டும் ஐயா சொல்கிற மருந்து, 'தானா சரியாயிடும்'.

"நாளைக்கே அவளுக்குப் பேச்சு வந்துடுச்சுன்னு வை. இந்தப் பேப்பரை என்ன பண்ணுவ? அழிப்பியா? காலம் பூரா ஒட்டிக்கிட்டே இருக்கும் அவ மேல."

"வரலைன்னா?"

"வராம எங்க போகும்? எனக்கு வரலையா?"

அவ்வளவுதான். இந்த வீட்டில் பட்டாணியைப் பற்றி எங்கே பேச்சை ஆரம்பித்தாலும் கடைசியில் போய் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். எனக்கு வரலையா? இதைக் கேட்டால் போதும், பக்கத்து அறையிலிருந்து அவனுடைய அக்கா சீப்பும் கையுமாக வந்துவிடுவாள்.

வந்தும் விட்டாள். பட்டாணிக்கு அத்தை. கணவர் போன பிறகு இரண்டரை வருஷமாக இவர்களோடுதான் இருக்கிறாள். பல்லுக்காரி வேலைக்குப் போய்விட்டால் குழந்தையைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு கொடுப்பது, தூங்க வைப்பது எல்லாம் அத்தை பொறுப்பு. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: பட்டாணி அத்தை கையால் மட்டும்தான் சாப்பிடுவாள். அம்மா ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வாள். இதைப் பல்லுக்காரி வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

"கேளும்மா," என்று அத்தை ஆரம்பித்தாள். "அஞ்சு வயசு வரைக்கும் வாயே திறக்கல இவன். ஸ்கூல்ல சேர்த்து அஞ்சு மாசம், ஒரு வார்த்தை? மூச்! ஊமைன்னே பேர் வெச்சுட்டாங்க. திடீர்னு ஒரு நாள் எழுந்து நின்னான் பாரு, 'சார், இவன் என்னைக் கிள்றான் சார்'னு கணீர்னு! வாத்தியார் கையில இருந்த சாக்பீஸ் கீழே விழுந்துடுச்சு."

நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம் அரங்கேறிய கதை இது. பல்லுக்காரிக்கு மனப்பாடம். சொல்கிற உற்சாகத்தைப் பொறுத்துச் சில நாள் சாக்பீஸ் மட்டும் விழும், சில நாள் வாத்தியாரின் மூக்குக் கண்ணாடியும் சேர்ந்து விழும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தடுப்பூசி போட்ட டாக்டர், 'இந்தக் குழந்தையைப் பேச்சுக்கு ஒரு தடவை காட்டிடுங்க' என்று சொன்ன அன்றைக்கும் அத்தை இதே கதையைத்தான் சொன்னாள். அன்றைக்குக் கண்ணாடியும் விழுந்தது. காட்டவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் காட்டவும் இல்லை.

"சரி, ஒண்ணு பண்ணலாம்," என்று லிஃப்ட்காரன் எழுந்தான். "அக்காவும் வரட்டும். அந்தப் பேச்சு டீச்சர்கிட்ட அக்காவே சொல்லட்டும். எல்லாத்தையும் கேட்டுட்டு, இல்ல சார், இது வேற, அது வேறன்னு அந்தம்மா சொன்னா, போடறேன் கையெழுத்து. இல்லைன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும். சரியா?"

பல்லுக்காரி என்ன சொல்வாள்? சரி என்றாள்.

லேப்பில் அன்றைக்கு அவளுக்கு வேலையே ஓடவில்லை. மேஜையில் யாரோ ஒரு பெரியவரின் மேல்வாய், மெழுகில். பதினான்கு பற்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, மெழுகைச் சூடான கத்தியால் இளக்கி, வரிசையாகப் பதிக்க வேண்டும். ஒரு பல் கொஞ்சம் திரும்பினாலும் மனிதருக்குச் 'ச' வராது, சீட்டியடிக்கும். முகம் தெரியாத எத்தனையோ பேருக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள் இவள். வீட்டுக்குப் போனால் முப்பத்திரண்டையும் சீராக வளர்க்கப் போகிற ஒரு வாய், வெறுமனே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"என்னம்மா இது?" என்று சூப்பர்வைசர் மெழுகைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இடது கோரைப் பல்லைக் கொண்டுபோய் வலதுல நட்டு வெச்சிருக்க? இந்த ஆள் சிரிச்சா இவர் பேரனே பயந்து ஓடிடுவான்."

"மாத்திடறேன் சார்."

"மனசு இங்க இல்ல. போ. போயிட்டு நாளைக்கு வா." நல்ல மனிதர். ஏன் என்று கேட்கவில்லை.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அவள் மையத்து வாசலில் நின்றாள். அவர்கள் வந்தபோது மணி பன்னிரண்டே கால். முன்னால் லிஃப்ட்காரன், யூனிஃபார்மோடு. பின்னால் அத்தை, தோளில் பட்டாணியின் பை, இடுப்பில் பட்டாணி. நாலரை வயதுக் குழந்தையை எதற்கு இடுப்பில் தூக்குவது என்று பல்லுக்காரிக்குச் சுள்ளென்று வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பேச்சு டீச்சரின் அறையில் நாற்காலிகள் எல்லாம் குழந்தைகளுக்கானவை. பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மூக்கில் இடிக்கும். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. மூலையில் ஒரு கூடை நிறைய மரவளையங்கள். பட்டாணி யாரையும் திரும்பிப் பார்க்காமல் நேரே கூடைக்குப் போனாள். ஒரு வளையத்தை எடுத்துச் சுழற்றினாள்.

டீச்சர் சின்னப் பெண். காதில் பென்சில் செருகியிருந்தாள். பேச்சில் அவசரம் கிடையாது.

"கையெழுத்துக்கு முன்னாடி குடும்ப விவரம் கொஞ்சம் இருக்கு சார். நானே கேட்டு எழுதிக்கறேன். உங்க பிறந்த தேதி?"

சொன்னான்.

"முப்பத்தெட்டு," என்று எழுதிக்கொண்டாள். "உங்க ரெண்டு பேர் குடும்பத்துல யாருக்காவது பேச்சு லேட்டா வந்திருக்கா?"

இதற்காகத்தானே காத்திருந்தான்! சின்ன நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எனக்குத்தான் மேடம். அஞ்சு வயசு ஆச்சு. அக்கா, சொல்லுக்கா."

அத்தை சொன்னாள். அன்றைக்குச் சொன்ன மாதிரி அவள் என்றைக்குமே சொன்னதில்லை. ஐந்து மாத மௌனத்தையும் நடித்துக் காட்டினாள், எழுந்து நின்று கிள்றான் சார் என்றாள், சாக்பீஸ் விழுந்தது, கண்ணாடி விழுந்தது, வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

போச்சு, இவளும் நம்பிவிட்டாள் என்று பல்லுக்காரி நினைத்தாள்.

"உங்களுக்கு எவ்வளவு நல்லா ஞாபகம் இருக்கு!" என்றாள் டீச்சர். "நீங்களும் அதே ஸ்கூல்தானா?"

"நான்தானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். நான் நாலாவது, இவன் ஒண்ணாவது."

"நாலாவதுன்னா, உங்களுக்கு ஒன்பது வயசு இருக்குமா?"

"ஒன்பதேதான்."

"தம்பிக்கும் உங்களுக்கும் எத்தனை வருஷம் வித்தியாசம்?"

"ஆறு." அத்தைக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. "எனக்கு ஆறு முடிஞ்சப்புறம் பொறந்தான். நான்தானே தூக்கி வளர்த்தேன்."

டீச்சரின் பென்சில் காகிதத்தின் மேல் அப்படியே நின்றது.

"ஒன்பதுல ஆறு போனா மூணும்மா," என்றாள் மெதுவாக.

"ஆமா, மூணுதான்!" அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "ஸ்கூல்லதான் அஞ்சுன்னு சொல்லிச் சேர்த்தோம். அம்மா வேலைக்குப் போயாகணும், இவனைப் பார்த்துக்க வீட்ல ஆள் இல்ல. அஞ்சு முடியலைன்னா சேர்த்துக்க மாட்டாங்க. ரெண்டு வயசு கூட்டிச் சொல்லிடலாம்மான்னு நான்தான் அம்மாவுக்கு யோசனை சொன்னேன். ஆள் கொழுகொழுன்னு இருப்பானா, யாருக்கும் சந்தேகமே வரல. இப்பவும் சர்டிபிகேட்லதான் முப்பத்தெட்டு. அசல் முப்பத்தாறு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கூட யாரும் சிரிக்கவில்லை.

"வீட்டுல?" என்று டீச்சர் கேட்டாள். "அந்த அஞ்சு மாசமும் வீட்டுலயும் பேசாம இருந்தாரா?"

"வீட்டுல பேசுவான். 'அக்கா வா', 'எனக்கு வேணும்', 'அது என்னுது', அந்த மாதிரி ஏதோ. அதெல்லாம் ஒரு பேச்சா? மழலை. ஸ்கூல்லதான் பெரிய பசங்களைப் பார்த்து பயந்துக்கிட்டு..."

அத்தை பாதியில் நிறுத்தினாள். தம்பியைப் பார்த்தாள். தம்பியின் மனைவியைப் பார்த்தாள். வளையம் ஒன்று தரையில் படபடவென்று அடித்து அடங்கியது.

எனக்கு ஆத்திரமாக வருகிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அத்தை ஒருத்தியின் மேல் இல்லை. இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், லிஃப்ட்காரனுக்குச் சர்டிபிகேட்டில் இரண்டு வயது கூட என்று. கல்யாணத்தின்போதே அது பேசிச் சிரித்த விஷயம். 'மாப்பிள்ளை ரெண்டு வருஷம் முன்னாடியே ரிட்டயர் ஆகி வீட்ல உட்காரப் போறார்' என்று பல்லுக்காரியின் அப்பாவே கேலி செய்திருக்கிறார். அதேபோல் எல்லோருக்கும் தெரியும், அவன் ஐந்து வயதில் பேசிய கதை. இந்த இரண்டும் ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, இத்தனை வருஷம் குடியிருந்தன. ஒருத்தர்கூட இதை அதனோடு சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. படித்தவர்கள்தான் எல்லோரும். கழித்தல் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

மூன்று வயதுக் குழந்தை, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வாயைத் திறக்கப் பயந்திருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. இதை நம்பித்தான் இரண்டு வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் கொஞ்சம் வெளியே நிக்கறேன்," என்று அத்தை எழுந்தாள். பல்லுக்காரி பின்னாலேயே போனாள்.

தாழ்வாரத்தில் சுவரோடு ஒரு பெஞ்சு. அத்தை அதில் உட்காரவில்லை.

"ரெண்டு வருஷம், அண்ணி," என்றாள் பல்லுக்காரி.

"நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்றாள் அத்தை. "எல்லாரும் அஞ்சுன்னு சொன்னாங்க, நானும் அஞ்சுன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது அஞ்சாயிடுச்சு."

"அந்த டாக்டர் சொன்ன மறுநாளே நான் கூட்டிட்டுப் போயிருப்பேன். நீங்கதான் உட்கார வெச்சுக் கதை சொன்னீங்க. ரெண்டு வருஷம்! அவளுக்கு என்னிக்காவது திரும்ப வருமா அது?"

"அன்னிக்கு நீ அழுத அழுகை ஞாபகம் இருக்கா உனக்கு? ஒரு வாய் சாப்பாடு இறங்கல. நீ சாப்பிடணுமேன்னு சொன்னேன். சாப்பிட்ட. அதுக்கப்புறம் எத்தனை தடவை நீயே வந்து கேட்டிருப்ப, அண்ணி, அந்தக் கிள்ளின கதையைச் சொல்லுங்கன்னு?"

கேட்டிருக்கிறாள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. அது உண்மை என்பதால்தான் பல்லுக்காரிக்குத் தலைக்கு ஏறியது. அடுத்து வந்த வார்த்தை முகத்தில் அடித்த மாதிரி வந்தது.

"இனிமே என் பிள்ளையைத் தொடாதீங்க."

தாழ்வாரத்தில் காத்திருந்த இன்னொரு தாய், கையில் இருந்த படிவத்தைப் படிக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

அத்தை தோளில் இருந்த பையைக் கழற்றி பெஞ்சில் வைத்தாள். வைத்துவிட்டு அதன் ஜிப்பைச் சரியாக மூடினாள்.

"ஒரு மணிக்கு அவளுக்குப் பசிக்கும். சூடா இருந்தா துப்பிடுவா. நல்லா ஆறவெச்சுக் கொடு," என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

பல்லுக்காரி முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது, லிஃப்ட்காரன் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தான். எத்தனை நாள் கெஞ்சல், எத்தனை நாள் சண்டை, எத்தனை நாள் பட்டினி அந்த ஒரு கையெழுத்துக்கு! அது இப்போது காகிதத்தில் இருந்தது. அதைப் பார்த்து அவளுக்குத் துளி சந்தோஷம் வரவில்லை.

"மேடம், அந்தப் பிறந்த தேதி," என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான், "அதை மாத்தணுமா?"

"வேண்டாம் சார். சர்டிபிகேட்ல இருக்கறதே இருக்கட்டும்."

"ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருந்தா, இந்நேரம் பேசியிருப்பாளா?"

டீச்சர் காகிதங்களைத் தட்டி அடுக்கினாள். "அதை யாராலயும் சொல்ல முடியாது சார். பேசியிருக்கலாம், பேசாமலும் இருந்திருக்கலாம். ஆனா அவளுக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்." பிறகு குரலை மாற்றிக்கொண்டாள். "கடைசிப் பக்கத்துல ரெண்டே கேள்வி. நீங்க ரெண்டு பேரும் எழுதிட்டு இருங்க. நான் ஆபீஸ்ல போய் சீல் வாங்கிட்டு வந்துடறேன், ஒரு மணிக்கு மேல பூட்டிடுவாங்க."

படிவம் பல்லுக்காரியின் மடிக்கு வந்தது. முதல் கேள்வி:

குழந்தையிடம் வித்தியாசத்தை முதலில் கவனித்தவர் யார்? அப்போது குழந்தையின் வயது என்ன?

எழுதுவதற்கு எவ்வளவோ இருந்தது. நர்சரி டீச்சர், நாலு வயது ஐந்து மாதம் என்று எழுதலாம். யாரும் குறை சொல்ல முடியாது. தடுப்பூசி டாக்டர், இரண்டரை வயது என்றும் எழுதலாம், அதுவும் நடந்ததுதான். பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். இப்போதுதான் ஒரு வயதைத் தப்பாகச் சொன்னதற்காக ஒருத்தியைப் படியிறக்கி அனுப்பிவிட்டு வந்திருக்கிறாள்.

லேப்பில் கூட வேலை செய்கிறவள் ஒருநாள் தன் மகனை அழைத்து வந்திருந்தாள். பட்டாணியை விட அவன் ஒரு வாரம் சின்னவன். அலமாரியில் வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டர் வாய்களைப் பார்த்துவிட்டு, விரலை நீட்டிக் காட்டினான். காட்டிவிட்டு உடனே திரும்பித் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான், நீயும் பார்த்தியா என்று கேட்கிற மாதிரி. அவ்வளவுதான் செய்தான். எல்லோரும் சிரித்தார்கள். பல்லுக்காரி அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். அதோ பார், பஸ் பார், பூனை பார் என்று நீட்டி நீட்டிக் காட்டினாள். பட்டாணி அம்மாவின் விரல் நுனியை மட்டும் பார்த்தாள். பஸ் போனது, பூனை போனது, இருட்டியும் விட்டது. அத்தை அப்போது இந்த வீட்டுக்கு வந்திருக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து அந்தச் சாயங்காலத்தைப் பல்லுக்காரி எங்கேயோ ஆழத்தில் போட்டு மூடிவிட்டாள். கணவனிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

எழுதினாள். 'அம்மா. ஒரு வயது பத்து மாதம்.'

லிஃப்ட்காரன் எட்டிப் பார்த்தான். ஒரு தடவை படித்தான். காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி இன்னொரு தடவை படித்தான்.

"இது என்ன?"

"கேட்டிருக்காங்க. எழுதியிருக்கேன்."

"ஒரு வயசு பத்து மாசத்துலயே உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சது."

"என்கிட்ட சொல்லல."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

"சொல்லியிருக்கணும்ல?" அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பாள். "அப்போ அக்கா சொன்ன கதையை நீ நம்பவே இல்லையா?"

"நம்பல," என்றாள். "பிடிச்சிருந்தது."

அவன் மகள் பக்கம் திரும்பினான். பட்டாணி வளையங்களை நிறவாரியாக அடுக்கிவிட்டு, மறுபடி கலைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் முட்டாள், நம்பினேன்," என்றான். "அக்கா தெரியாம பண்ணினா. நீ தெரிஞ்சே சும்மா இருந்திருக்க."

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இரண்டாவது கேள்வி பாக்கி இருந்தது. தினமும் காலை எட்டரை முதல் பதினொன்றரை வரை குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, பயிற்சியைக் கற்று, வீட்டில் அதைத் தொடரப் போகிறவர் யார்? இந்தக் கேள்விக்குப் பதிலை அவள் ஒரு மாதம் முன்னாலேயே முடிவு செய்து வைத்திருந்தாள். லேப்பில் மதிய ஷிஃப்ட் கேட்கலாம், கிடைக்காவிட்டால் வேலையையே விடலாம், எப்படியும் தன் பெயர்தான். பேனாவை அந்தக் கோட்டுக்குக் கொண்டுபோனாள்.

"இரு," என்றான் அவன். "அவ யார் கையால சாப்பிடறா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லு. யார் கையால?"

"அண்ணி கையால," என்றாள்.

அவள் விரல்களிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டான். கோட்டின் மேல், நிறுத்தி நிதானமாக, தன் அக்காவின் பெயரை எழுதினான். உறவு என்ற இடத்தில் 'அத்தை' என்று எழுதினான்.

டீச்சர் சீலோடு திரும்பி வந்தபோது ஒரு மணியாக ஏழு நிமிஷம். கடைசிப் பக்கத்தைக் கண்ணால் ஓட்டினாள். முதல் பதிலைப் படித்துவிட்டுப் பல்லுக்காரியை ஒரு கணம் பார்த்தாள். இரண்டாவதைப் படித்ததும் முகம் மலர்ந்தது.

"நானே சொல்லலாம்னு இருந்தேன். அவ அவங்க இடுப்புல ஒட்டிக்கிட்டு வந்ததைப் பார்த்தப்பவே தோணுச்சு. இந்த வேலையில பாதி என்னுது, பாதி அவங்களோடது." சீல் விழுந்தது. "இடம் உங்களுக்குத்தான். நாளைக்கு எட்டரை மணிக்கு அவங்களே வந்து இந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டுடணும். அது இல்லாம ஆரம்பிக்க முடியாது, இடத்தையும் பிடிச்சு வைக்க முடியாது. அவங்களுக்கு இதுல முழு சம்மதம்தானே?"

லிஃப்ட்காரன் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"அவங்க வீட்டுக்குப் போயிருக்காங்க," என்றாள் பல்லுக்காரி. "நான் போய்க் கேக்கறேன்."